மேல் மண் எடுக்கிற வேலை

போன மாதம் என் மனைவி மேடை ஏறினாள். நான் கீழே உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன். வாரா வாரம் இந்தப் பத்தியில் ஊர்க்கதை பேசுகிற ஆள் நான். இந்த வாரம் வீட்டுக்கதை.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் குடியிருக்கிற குவார்ட்டர்ஸ் என்னுடையது அல்ல, என் மனைவி கலாவுடையது. அவள் சுரங்கத்தில் சர்வேயர். லிக்னைட் என்கிற பழுப்பு நிலக்கரிக்கு மேலே மலை மலையாக மண் கிடக்கும். அதற்கு இங்கே ஓவர்பர்டன் என்று பேர். அதை எவ்வளவு எடுத்தார்கள், இன்னும் எவ்வளவு பாக்கி என்று அளந்து சொல்வதுதான் அவள் வேலை. சர்வேக்கு நைட் ஷிஃப்ட் கிடையாது. சூரியனுக்கு என்ன ஷிஃப்ட்டோ, அதேதான் அவளுக்கும்.

அந்த வெயில் சும்மா விடுமா? கன்னத்திலும் நெற்றியிலும் கரும்புள்ளிகள் வந்து குடியேறிவிட்டன. ஹெல்மெட் வார் பதிகிற இடத்தில் மட்டும் வெளுப்பாக ஒரு கோடு. கேட்டால், "வேலைன்னா அப்படித்தான் இருக்கும்" என்பாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

ஆனால், எங்கள் வீட்டுப் போட்டோக்களைப் பார்த்தால் விஷயம் புரியும். எந்தக் கல்யாணத்திலும் அவள் இருக்க மாட்டாள்! குரூப் போட்டோ என்றதும் முதல் ஆளாகப் போனை வாங்கிக்கொண்டு எதிரே போய் நின்றுவிடுவாள். "நான் எடுக்கிறேன், நீங்க எல்லாரும் நில்லுங்க." திருநெல்வேலியிலிருந்து வந்த அவள் பெரியம்மா ஒரு பந்தியில், நாலு பேர் காது கேட்க, "ஏட்டி, மூஞ்சி என்ன இப்படிக் கருகிப்போச்சு?" என்று கேட்டதிலிருந்து வந்த பழக்கம் இது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தகவல் வந்தது. விபத்தில்லாமல் வேலை பார்த்ததற்காக அவளுடைய டீமுக்குப் பாதுகாப்பு விழாவில் முதல் பரிசு. மேடை, மைக், போட்டோகிராபர்... அங்கே போனை வாங்கிக்கொண்டு எதிரே போய் நிற்க முடியாதே?

பாண்டிச்சேரியில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தோம். சின்ன வயசுப் பெண். லென்ஸ் வைத்து நிதானமாகப் பார்த்தார். "இது மங்கு இல்ல மேடம். வெயில் போட்ட புள்ளிங்க. லைட் ட்ரீட்மென்ட்டுக்குக் கேட்கும்" என்றார். நம்முடைய மாநிறத்துக்கு லைட்டை மெதுவாகத்தான் வைக்க வேண்டுமாம், அவசரப்பட்டால் தோல் புண்ணாகிவிடுமாம். காதோரம் ஓர் இடத்தில் மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். அது ஒழுங்காக ஆறிய பிறகுதான் முகம்.

முகத்துக்கு எப்போது போகலாம்? இங்கேதான் கலா ஒரு டவுன்ஷிப் தப்பு செய்தாள்.

எங்கள் ஊரில் பெரிய அதிகாரி வருகிறார் என்றால் என்ன நடக்கும் தெரியுமா? முதல் நாள் எல்லாவற்றுக்கும் பெயின்ட். ரோட்டோரக் கல், மரத்தின் அடிப்பாகம், நகராத எதுவும் தப்பாது. பெயின்ட் வாசனை போவதற்குள் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்துவிடும். பல வருடமாக இதையே பார்த்தவள், தன் முகத்துக்கும் அதையே செய்தாள். விழாவுக்கு மூன்று நாள் முன்னால் வருகிற மாதிரி தேதி வாங்கினாள். "முதல்ல கருக்கும், அப்புறம்தான் தெளியும்" என்று டாக்டர் சொன்னதைப் பெயின்ட் காய்கிற கணக்கில் எடுத்துக்கொண்டாள். விழாவைப் பற்றி டாக்டரிடம் மூச்சே விடவில்லை.

கண்ணுக்கு மூடி போட்டு, ஜெல் தடவி, பளிச் பளிச்சென்று அடித்தார்கள். "ரப்பர் பேண்டால சுண்டுற மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

சிரிப்பு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. புள்ளிகள் முன்னைவிடக் கருத்து, காபித் தூளை அள்ளி அப்பிய மாதிரி ஆகிவிட்டன. பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்தோம். "நல்லாத்தான் போயிட்டிருக்கு மேடம். தானா உதிரும், ஒரு வாரம் பத்து நாள் பொறுங்க. பிய்க்காதீங்க, மேக்கப் போடாதீங்க." டாக்டருக்கு அது நல்ல செய்தி. எங்களுக்கு மறுநாள் விழா.

மறுநாள் சாயங்காலம் ஆகியும் கலா புடவை மாற்றவில்லை. "நான் போகல. ஆபீஸ்லேர்ந்து யாராவது வாங்கிக்கட்டும்." நான் சமாதானம் சொன்னேன். புருஷன் சொல்கிற சமாதானம் எந்த வீட்டில் எடுபட்டிருக்கிறது?

அப்போது கேட்டருகே பைக் சத்தம். காதர் பாய். அவளுடைய டீமில் டேப் பிடிக்கிறவர், காடாம்புலியூர்க்காரர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

"என்னா மேடம், ரெடியாவாம குந்திகினு இருக்கீங்க?"

கலா முகத்தைக் காட்டினாள். அவர் கிட்டே வந்து பார்த்தார்.

"பொய் சொல்ல மாட்டேன் மேடம், கருப்பாத்தான் இருக்குது. நம்ம டீம்ல யாரு செவப்பு, சொல்லுங்க? லீடர் பேரத்தான் கூப்புடுவாங்க. நீங்க வரலன்னா ஆபீஸ்காரரு ஏறி வாங்கிடுவாரு, நாங்க கீழயே குந்திகினு இருக்கணும். எங்க வூட்டுல எல்லாரும் மொத வரிசையில எடம் புடிச்சிகினு இருக்காங்க."

கலா எழுந்து உள்ளே போனாள். பட்டுப்புடவையில் திரும்பி வந்தாள்.

மேடையில் கேடயத்தைக் கொடுக்க வந்த பெரிய அதிகாரி அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது. "என்னம்மா முகத்துல? வேலையில அடிபட்டதா?"

விபத்தே இல்லாததற்குப் பரிசு... வாங்க வந்தவள் முகத்தில் காயமா? காதர் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

கலா மைக் பக்கம் திரும்பினாள். "அடி இல்ல சார், லைட் ட்ரீட்மென்ட். ஓவர்பர்டன் எடுத்துட்டு இருக்கோம். மேல் மண்ணு போனாத்தானே சார் உள்ள இருக்கிறது தெரியும்?"

அப்புறம் விசில் பறந்தது பாருங்கள்... அத்தனை பேரும் அந்த மண்ணில் வேலை பார்க்கிறவர்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அதிகாரியும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். என் மனைவி அவள், என் மனைவி என்று பக்கத்து சீட்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். அவர் கேட்கவே இல்லை.

பத்து நாளில் தூள் உதிர்ந்தது. முகம் தெளிந்தது என்று சொல்லலாம், முழுசாக இல்லை. இன்னும் சில சிட்டிங் பாக்கி. "சன்ஸ்க்ரீனும் நிழலும் இல்லாம வெயில்ல நின்னா மறுபடி வந்துரும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது ஹெல்மெட்டைச் சுற்றி ஒரு துணி மறைப்பு, பையில் க்ரீம் ட்யூப். காதர் பாயும் தினம் கொஞ்சம் வாங்கிப் பூசிக்கொள்கிறாராம்.

கடந்த ஞாயிறு அவருடைய மகளுக்குக் கல்யாணம். குரூப் போட்டோ என்று குரல் வந்ததும் பழக்கதோஷத்தில் நான் வரிசையில் போய் நின்றேன். கலா என்னை வெளியே இழுத்து, போனை என் கையில் கொடுத்துவிட்டு, முன்வரிசையில் மணப்பெண் பக்கத்தில் போய் நின்றாள். "எல்லாரும் வர்ற மாதிரி எடுங்க. என்னைக் கொஞ்சம் கிட்டக்க."

எடுத்தேன். பத்தி எழுதுவதெல்லாம் எனக்குக் கான்ட்ராக்ட் வேலைதான்... வீட்டுப் போட்டோகிராபர் வேலை மட்டும் இப்போது பெர்மனென்ட் ஆகிவிட்டது.