பிசகில்லாத ஒரு விசாரணை அறிக்கை

அரசுப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு பெருமை. நான் எழுதிய விசாரணை அறிக்கை எதுவும் மேல்முறையீட்டில் கவிழ்ந்ததில்லை. குற்றம் செய்தவர்கள் தப்பியிருக்கலாம், செய்யாதவர்கள் மாட்டியிருக்கலாம். அது வேறு விஷயம். அறிக்கை நின்றது. குறிப்பாணை, விளக்கம், சாட்சி, குறுக்கு விசாரணை, முடிவுரை என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் ஒரு தொழிற்சாலை முதலாளி என்னைத் தேடி வந்தார் என்பது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அவருடைய தொழிற்சாலை. மின்சாரத்துக்கான வெள்ளை ப்யூஸ் கட்டைகள் செய்தார்கள். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. தரச் சான்றிதழ் வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டுவது பேட்டையில் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. ஓய்வூதியக்காரனான என்னைத் தர அலுவலராக வைத்துக்கொண்டார். "வேலை ஒண்ணும் பெருசா இல்ல சார். எல்லாம் முறையா நடக்குதான்னு பாத்துக் கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். முறை என்ற சொல்லைக் கேட்டால் நான் உருகிவிடுவேன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்து எழுதினால் இந்தக் கதையே பொய்யாகிவிடும். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் சொந்தக்காரர்களுக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர். திங்கட்கிழமை காலையில் ஆட்களை நிறுத்தி ஐந்து நிமிடம் நேர்மையைப் பற்றிப் பேசுவார். யாரையும் ஒருமையில் அதட்டி நான் கேட்டதில்லை. பக்கத்துக் கல்லூரிகளில் 'தொழிலில் அறம்' என்று பேச அவரைக் கூப்பிடுவார்கள். அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தது நான். 'தலைவனின் குணம் யாரும் பார்க்காத இடத்தில்தான் தெரியும்' என்ற வாக்கியத்துக்கு ஒவ்வொரு முறையும் கைதட்டல் விழும். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டுவேன். என் வாக்கியத்துக்கு நானே தட்டுகிறேன் என்ற கூச்சம் இல்லை. பணிக்காலம் முழுவதும் நான் தேடிய மேலதிகாரி ஓய்வுக்குப் பிறகு கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

சூளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீங்கான் போதிய சூட்டில் வேகாவிட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நின்றுவிடும். மழையில் ஈரம் குடிக்கும், மின்சாரம் கசியும், தொட்டவன் கை போகும். சூடு ஏறியதா என்று பார்க்க 'கோன்' வைப்பார்கள். சுண்டுவிரல் நீளத்தில் கூம்பு மாதிரி ஒரு மண் குச்சி. ஒவ்வொன்றிலும் ஓர் எண் அச்சிட்டிருக்கும். குறிப்பிட்ட சூடு வந்ததும் அது தலை சாயும். எங்களுக்கு ஒன்பதாம் எண். சிறு களிமண் கட்டியில் கோனை நட்டுச் சூளைக்குள் வைப்பார்கள். அது சாய்வதைத் துளை வழியாகப் பார்த்துச் சூளைக்காரர் பர்னரை நிறுத்துவார். சாய்ந்த கோனை அந்தக் கட்டியோடு என்னிடம் ஒப்படைப்பார். நான் தேதி எழுதிய சீட்டு ஒட்டி அலமாரியில் அடுக்குவேன். பார்க்க வருகிறவர்களுக்கு அந்த அலமாரியை முதலாளியே கூட்டி வந்து காட்டுவார்.

ஒரு மழைக்காலத்தில், வாங்கிய கம்பெனி ஒரு லோடு கட்டைகளைத் திருப்பி அனுப்பியது. ஒன்றை உடைத்துச் சிவப்புச் சாயத்தில் ஊறவைத்தேன். நன்றாக வெந்த பீங்கான் சாயத்தைத் தொடாது. இது வெற்றிலை போட்ட வாய் மாதிரி உள்ளே வரைக்கும் சிவந்திருந்தது. அந்தக் கம்பெனி கேட்டது இரண்டே கேள்விகள்: யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை.

சூளைக்காரர்தான் என்றார் முதலாளி. பாதியில் பர்னரை நிறுத்திவிட்டு, பழைய கோன் ஒன்றை என்னிடம் கொடுத்து ஏமாற்றிவிட்டாராம். வருத்தமாகத்தான் சொன்னார். "என்னா பண்றது சார், பதினெட்டு வருசமா இருக்கற ஆளு. ஆனா ஞாயம்னு ஒண்ணு இருக்குது இல்ல. நீங்களே விசாரிங்க. நான் தலையிட மாட்டேன்."

தலையிட மாட்டேன் என்று சொன்ன முதலாளியை நான் அதற்கு முன் கண்டதில்லை. நெகிழ்ந்துபோய்க் குறிப்பாணை தயாரித்தேன்.

சூளைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். விசாரணைக்குச் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். உதவிக்கு ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம் என்று விதிப்படி சொன்னேன். வேண்டாம் என்றார்.

"கோன் சாஞ்ச பிறகுதான் நிறுத்தினீங்களா?"

"ஆமாங்க சார். சாய்ஞ்சுது, நிறுத்துனேன். ஆனா நெருப்பு வரல."

"நெருப்பு வராம கோன் எப்படிச் சாயும்?"

"அத்தத்தான் சார் நானும் கேக்கறேன். உள்ள வெள்ளை ஏறணும். மஞ்சளாவே நின்னுது, அதுக்குள்ள கோனு படுத்துடுச்சு. மொதலாளிகிட்ட சொன்னேன். கோனு சொல்றத கேளுங்க, ஒங்க கண்ணு சொல்றத கேக்காதீங்கன்னாரு."

"அதை எழுத்து மூலமா குடுத்தீங்களா?"

"சூள வாசல்ல நின்னுக்கிட்டு எங்க சார் எழுதறது?"

'எழுத்து மூலம் புகார் எதுவும் அளிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறார்' என்று பதிவு செய்தேன். அவருடைய துண்டில் பழைய கோன் கட்டி ஒன்றைப் பார்த்ததாக மேற்பார்வையாளர் சாட்சி சொன்னார். குறுக்கு விசாரணை செய்ய விருப்பமா என்று சூளைக்காரரிடம் கேட்டேன். அவர் மேற்பார்வையாளரைப் பார்த்து, "ஏம்ப்பா, ஒனக்கும் புள்ளக்குட்டி இருக்குது இல்ல?" என்றார். இது கேள்வியாகாது என்று தள்ளுபடி செய்தேன். குற்றச்சாட்டு ஐயமின்றி நிரூபணமானது. பதினோரு பக்கம். ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை. வாங்கிய கம்பெனி திருப்தி அடைந்து அடுத்த ஆர்டரை அனுப்பியது. சூளைக்காரர் வீட்டுக்குப் போனார்.

ஏழெட்டு மாதம் கழித்துத் தரச் சான்றிதழ்த் தணிக்கைக்காரர்கள் வருவதாகச் சொன்னார்கள். அலமாரியில் இருந்த சீட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கோன் கை தவறி விழுந்து களிமண் கட்டி உடைந்தது. மண்ணுக்குள் புதைந்திருந்த கோனின் அடிப்பாகம் வெளியே வந்தது. அதில் எண் ஏழு.

இரண்டு எண் குறைந்த கோன், குறைந்த சூட்டிலேயே சாய்ந்துவிடும். கோன்கள் வந்த பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது என்றுதான் சீட்டு ஒட்டியிருந்தது. நான் இத்தனை நாளும் படித்தது பெட்டியின் சீட்டை. கோன் வாங்குவது முதலாளி, அதைக் களிமண்ணில் எண் மறையும்படி ஆழமாக நட்டுக் கொடுப்பது மேற்பார்வையாளர். 'நடும் முன் எண்ணைப் படிக்கவும்' என்று சுவரில் எழுதி ஒட்டியது நான்.

சுத்தியலை எடுத்து ஒவ்வொன்றாக உடைத்தேன். சூளைக்காரர் காலத்தவை, திரும்பி வந்த லோடு, அவர் போன பிறகு புது ஆள் எரித்தவை, எல்லாம் ஏழு. லோடு கிளம்பும் முன் என்னிடம் சாயச் சோதனைக்கு வந்த கட்டைகள் மட்டும் ஏன் ஒருமுறைகூடச் சிவக்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. பர்னரை ஒட்டிய வரிசை மட்டும் கூடுதலாக வேகும். அங்கிருந்து எடுத்துத் தட்டில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். தட்டில் வைத்து வந்தால் எதையும் நான் ஏற்றுக்கொள்கிறவன்.

உடைந்த கோன்களை முதலாளியின் மேஜையில் கொட்டினேன். மண் விழாதபடி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"உக்காருங்க சார்."

"எத்தனை நாளா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியிலேருந்து. எண்ணெ விக்கற வெலைக்கு ஒம்போதுல எரிச்சா மூணு மாசத்துல கேட்ட சாத்தணும் சார். பேட்டையில நான் ஒருத்தன் மட்டுமா?"

"அப்போ அந்த மனுசன்?"

"கம்பெனிக்காரன் ஆளக் காட்டுன்னான். காட்டணும் இல்ல? நானா வெளிய அனுப்பிருந்தா லேபர் ஆபீசுக்குப் போயிருப்பாரு. நீங்க விசாரிச்சதால போகல. சாரே எழுதிட்டாரு, இனிமே எங்க போயி என்னான்னு சொன்னாராம்."

அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னார்.

"அவரைத் திரும்ப வேலைக்கு எடுங்க."

"எடுத்தா உங்க அறிக்கை பொய்யின்னு ஆயிடும் சார். உங்க பேரக் கெடுக்க எனக்கு மனசு வரல."

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த கோலம் ஞாபகம் வந்தது. அதுவும் ஒரு முதலீடா, அல்லது அது மட்டும் உண்மையா? இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. இரண்டாவதாக இருந்துவிடக் கூடாதே என்றுதான் மனம் வேண்டுகிறது. முழு அயோக்கியன் என்றால் மறந்து தொலைக்கலாம். வேலையை விட்டேன். 'தொழிலில் அறம்' பேச்சு மட்டும் என் கையெழுத்துப் பிரதியிலேயே தொடர்ந்து நடந்ததாகக் கேள்வி. கைதட்டலும் அதே இடத்தில்தான் விழுகிறதாம்.

மறு வாரம், தொழிலாளர் அலுவலருக்கு ஒரு மனுவை மூன்று படிகளில் தயாரித்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறினேன். கருவேப்பிலங்குறிச்சி தாண்டி இறங்கி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். "வூட்ல இல்லீங்க. கரும்பு வெட்டப் போயிருக்காங்க" என்றார் அவர் மனைவி. நான் யாரென்று தெரிந்ததும் உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தார்.

சூளைக்காரர் வந்தார். கையெல்லாம் கரும்புத் தோகை கிழித்த கீறல். கோன் விஷயத்தைச் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. மனுவை நீட்டினேன். வாங்கவில்லை.

"இது முடிய எத்தினி நாளு ஆவும் சார்?"

எனக்குத் துல்லியமாகத் தெரியும். வருடக்கணக்கு. "கொஞ்சம் ஆகும்" என்றேன்.

"எனக்கு நெருப்பு வேலதான் சார் தெரியும். இந்த வயசுல கரும்புக் கத்தி புடிக்க வரல, கூட இருக்கறவங்க சிரிக்கறாங்க. பேட்டையில நாலு எடம் கேட்டுட்டேன். விசாரண வச்சி அனுப்புன ஆளு, வேணாம்ங்கறாங்க. பேட்ட வாசல் டீக்கடைக்கு நாளைக்குக் காலையில வாங்க. மேஸ்திரிங்க அங்கதான் இருப்பாங்க. வந்து வாயால சொல்லுங்க."

போனேன். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஓரமாகச் சூளைக்காரர் நின்றார். நான் எழுந்து, மேற்படி நபர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று தொடங்கி நடந்ததைச் சொல்லி முடித்தேன். யாரும் டீயை நிறுத்தவில்லை.

"ஏழு கோனு சமாச்சாரமா? பேட்டையில அது யாருக்கு சார் தெரியாது?" என்றார் ஒரு மேஸ்திரி. வேறொரு தொழிற்சாலையில் சூளை பார்ப்பவர்.

"தெரிஞ்சா ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"

"ஒங்களுக்குத் தெரியாதுன்னு யாரு நெனைச்சா? ஊருல உள்ள ரூலு அத்தினியும் தெரிஞ்சவரு. தெரிஞ்சுதான் எழுதிட்டாருன்னு நெனைச்சோம்."

"பங்கு எவ்ளோன்னுதான் எங்களுக்குள்ள பேச்சு" என்றார் இன்னொருவர், டம்ளருக்குள் பார்த்தபடி. இரண்டு பேர் சிரித்தார்கள். சூளைக்காரர் சிரிக்கவில்லை. அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார் என்பதை அந்த முகத்தில் பார்த்தேன். அந்தச் சலவைச் சட்டையோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தபோதே நினைத்திருக்கிறார். அதனால்தான் உதவிக்கு யாரையும் கேட்கவில்லை.

"இவருக்கு நெருப்பு தெரியாதுன்னு நாங்க சொல்லல சார்" என்றார் மேஸ்திரி. "எங்க மொதலாளிதான் அந்தப் பேப்பர சொல்லிச் சொல்லி வேணாங்கறாரு. எழுதுன கையாலயே மாத்தி ஒண்ணு எழுதிக் குடுங்க. நான் பேசிப் பாக்கறேன்."

டீக்கடைக்காரரிடம் ஒரு தாள் வாங்கி, பெஞ்சில் வைத்து எழுதினேன். படிக்கச் சொன்னார்கள். படித்தேன்: "இவர் மீதான குற்றச்சாட்டை நான் விசாரித்தேன். என் முடிவு தவறு. தவறான கோன்களைக் கொடுத்தது நிர்வாகம். இவர் வேலையில் எந்தக் குற்றமும் இல்லை."

"விசாரிச்சேன்னு போடாதீங்க சார்" என்றார் சூளைக்காரர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நெருப்பு வரலன்னு அன்னிக்கே சொன்னேன். ஒரு நாளு எங்கூட வந்து அந்தத் தொளை வழியா பாத்திருக்கலாம். எழுதத்தான செஞ்சீங்க?"

அந்த வரியை அடித்துவிட்டு, 'இவர் சொன்னதை நான் போய்ப் பார்க்கவில்லை' என்று மேலே எழுதினேன். அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமிட வேண்டும் என்பது விதி. போட்டேன். மேஸ்திரி தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருவரும் பேட்டைக்குள் நடந்தார்கள். சூளைக்காரர் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வேலை கிடைத்தது என்று இரண்டு வாரம் கழித்து டீக்கடைக்காரர் சொன்னார். அங்கே எந்த எண் கோன் வைக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.