களி ஒட்டின கல்லு

ஐயோ மச்சி, அந்தக் கல்லக் கழுவாத! வை கீழ. சேறு காஞ்சி அசிங்கமா இரிக்கு எண்டுதானே பார்க்கிற? நானும் ஒரு நாள் அப்பிடித்தான் பார்த்தன். எதிர்வீட்டுக்குப் புதுசா வந்த ஒனக்கு எங்க தெரியப் போகுது, ஒரு மிஸ்ஸுட படிப்ப நான் வாளித் தண்ணியில கரைச்சி ஊத்தின கதை! இரி, தேத்தண்ணியக் குடிச்சிக்கிட்டே கேளு.

எல்லாம் என்ட மகள்ட பல்லுல தொடங்கினது. பழைய கிணத்துத் தண்ணியக் குடிச்சிக் குடிச்சி, பல்லுல மண்ணிறக் கறை விழுந்து போச்சு. தேய்ச்சாலும் போகாது. சிரிக்கயில கையால வாய மூடும். பள்ளிக்கூடத்துல படம் புடிக்கயிலயும் வாய இறுக்கிக்கிட்டுத்தான் நிண்டிச்சி. இனி இந்த வீட்டுல பொறக்கிற புள்ளைக்கு அந்தத் தண்ணி இல்ல எண்டு முடிவெடுத்தன். "கல்லுப் பூமியில எங்க வெட்டினாலும் அதே தண்ணிதான்டி" எண்டாரு மனுசன். நான் விடல்ல. கிணறு வெட்டுற நானாவக் கூட்டி வந்து, கொல்லையில புதுக் குழி வெட்ட வெச்சன்.

அந்த நேரம்தான் சிலாபத்துல இருந்து ஒரு மிஸ் வந்திச்சி. கழுத்துல சிலுவை போட்ட வேதக்காரப் புள்ள, கல்லு மண்ணப் பத்திப் படிக்குதாம். குழியக் கண்டா அதுக்குப் பெருநாள். மேல செம்மண், கீழ மஞ்சள் கல்லு, பொறகு சிப்பிக்கல்லு, அடியில சாம்பல் களி. ஒவ்வொண்டுலயும் ஒரு கட்டி எடுத்து, பையில போட்டு எழுதி, எங்கட விறாந்தையில வரிசையா வெச்சிச்சி. "இதெல்லாம் ஒரு காலத்துல கடலடி உம்மா. கடல்ல கரைஞ்சு கிடந்ததக் களி புடிச்சு வெச்சிருக்கும். எந்த மட்டத்துல நிப்பாட்டினா நல்ல தண்ணியெண்டு சோதிச்சுச் சொல்லுறன்" எண்டிச்சி.

ஒரு நாள் மிஸ் டவுனுக்குப் போயிரிந்திச்சி. நான் பார்த்தன், விருந்தாளிட சாமான் சேறும் சகதியுமாக் கிடக்கு. விடலாமா? எல்லாத்தையும் வெளிய கொட்டி, தேங்காத் தும்பால தேய்ச்சி, பளபளவெண்டு கழுவிப் பாயில காயப்போட்டன். சாம்பல் களிக்கட்டி கையிலயே கரைஞ்சி போச்சு. அழுக்கு நல்லாப் போகுதெண்டு எனக்கு ஒரே சந்தோசம்! பையில எழுதியிருந்தத நான் எங்க வாசிக்க?

மிஸ் வந்து பாயப் பார்த்திச்சி. கதிரையில இருந்திச்சி. ஏசல்ல. "உம்மா, எனக்குத் தேவைப்பட்டதே அந்த அழுக்குத்தான்" எண்டிச்சி.

மச்சி, இண்டைக்கும் அந்தக் கதிரையில நான் குந்துறதில்ல. விடிஞ்சாக் கிணத்துக்குள்ள சிமெந்து வளையம் இறக்கப் போறாங்க. இறக்கினாக் குழியட சுவரு மறைஞ்சிரும். முந்தானிய இடுப்புல சொருகினன். நானாவத் திரும்ப இறங்கச் சொன்னன்.

"கல்லக் குளிப்பாட்டினது நீங்க ராத்தா, குழிக்குள்ள இறங்கிறது நாங்களோ?"

"அப்ப ஏணியப் புடிங்க, நான் போறன்" எண்டு ஒரு கால வெச்சிட்டன். வெக்கப்பட்டு அவரே இறங்கினாரு. வாளி மேல வர வர, ஒவ்வொரு கட்டியையும் எலையில சுத்தி, கயித்துல முடிச்சுப் போட்டன். செம்மண்ணுக்கு ஒண்டு, களிக்கு நாலு. மிஸ் எழுதினதோட என்ட முடிச்சும் இரிக்கட்டும், திரும்ப நான் கை வெச்சாலும் குழம்பாதெண்டன். அப்பதான் மிஸ் சிரிச்சிச்சி.

மிஸ் கட்டியெல்லாம் கொண்டு போய்ச் சோதிச்சுத் திரும்பி வாற வரைக்கும் வளையத்த நிப்பாட்டி வெச்சன். பல்லக் கெடுக்கிறது அந்த நாலு முடிச்சுக் களியிலதான் கூட இரிக்காம். பழைய கிணறும் அதுலதான் நிக்குதாம். அடிய மூடி, சிப்பிக்கல்லுத் தண்ணிய மட்டும் எடுக்கச் சொன்னிச்சி. நானா தலையில கை வெச்சாரு. "வெட்டினத மூடச் சொல்ற மிஸ்ஸ இண்டைக்குத்தான் காணுறன்!" ஆனா மூடினாரு. தண்ணி கொஞ்சம்தான் ஊறும். நாலு வாளி அள்ளினாக் காத்து நிக்கோணும். நிப்பம், என்ன?

இந்தா, நீ கழுவப் போனது அண்டு மிஞ்சின சிப்பிக்கல்லு. கயித்தப் பாரு, மூணு முடிச்சு. நாம குடிக்கிற தண்ணி இதுக்குள்ளால வாறது.

கேக்குதா, உள்ளுக்குப் பேத்தி சிரிக்கிறது? முன்பல்லு விழுந்து புதுசு முளைச்சிரிக்கு, மாஷா அல்லாஹ், பால் போல. அது சிரிக்கயில உம்மாக்காரியும் சேர்ந்து சிரிப்பா. பழக்கத்துல கை வாய்க்குக் கிட்ட வரும். புள்ளையப் பார்த்திட்டுக் கீழ இறங்கிரும்.

சரி, தண்ணி ஊறியிரிக்கும். அந்த வாளிய எடு மச்சி. கல்லு அங்கேயே கிடக்கட்டும்.