ஊசிக்காரி கண்ட குஞ்சுகள்

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் அவளை எல்லோரும் ஊசிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லுக்குள் புதைந்த பழங்காலத்து மீன்களை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து, ஊசியால் மண்ணைக் கீறி வெளியே எடுப்பது அவள் வேலை. ஒரு துடுப்பை வெளியே கொண்டுவர ஒரு மாதம் ஆனாலும் முகம் சுளிக்க மாட்டாள்.

போன வருஷம் அவளுடைய ஆறு மாத வயிற்றுப் பிள்ளை போய்விட்டது. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பஸ் ஓட்டும் புருஷன்தான் குழந்தையை எடுத்துக்கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தான். குழந்தையின் முகத்தை அவள் பார்க்கக்கூட இல்லை. "விடும்மா, இன்னொண்ணு பொறக்கும்" என்றார்கள் சொந்தக்காரர்கள். போனால் போகட்டும், அடுத்தது வரும் என்று விட அது என்ன பஸ்ஸா? அதன்பிறகு வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. சாப்பாடு ஆச்சா, கதவைச் சாத்தியாச்சா என்பதோடு சரி.

அப்போதுதான் அந்தக் கல் வந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு மீன்.

"இது கடல்குதிரையோட முப்பாட்டன்" என்றார் ஆய்வாளர். ஆள் நல்லவர், பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தத் தெரியாது. "இதுங்க எல்லாம் படுத்து நீந்தின கூட்டம்மா. ஆழமில்லாத கடல்ல புல்லு மண்டிப்போச்சு. புல்லுக்கு நடுவுல நிமிர்ந்து நின்னது எதிரி கண்ணுல படாம தப்பிச்சுது. படுத்தே கிடந்தது மாட்டிக்கிச்சு. தப்பிச்சதோட வம்சந்தான் கொஞ்சம் கொஞ்சமா கடல்குதிரையாச்சு. இது பாதி நிமிர்ந்த ஆளு. குஞ்சைச் சுமக்கறதும் ஆம்பளைதான், தெரியுமில்ல?"

கீறிக்கொண்டே போனவள் வயிற்றுப் பக்கம் வந்ததும் கையை நிறுத்தினாள். கடுகைவிடச் சின்னதாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சில புள்ளிகள்.

"சார், குஞ்சுங்க இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். "மணலா இருக்கும்மா. எடுத்துடு."

"எனக்குக் கை வராது சார்."

அவர் வற்புறுத்தவில்லை. கல்லைப் படமெடுத்து, சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை, காலையில் வந்ததும் அவளுடைய முதல் வேலை அந்தப் புள்ளிகளைப் பார்ப்பதுதான். மணலுக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? கண் பார்த்ததை மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அவை குஞ்சுகளாகவே இருந்துவிட வேண்டும் என்று வாய்விட்டே வேண்டினாள்.

மணல்தான் என்று முடிவு வந்தது. வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்றார் ஆய்வாளர். "வேணாம் சார், நானே எடுக்கறேன்" என்றாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். அடியில் இரண்டு மெல்லிய எலும்புத் தகடுகள், நடுவில் ஒரு குழி.

"பை!" ஆய்வாளர் குதிக்காத குறை. "குஞ்சு சுமக்கற பை! காலியா இருக்கறதாலதான் இவ்வளவு தெளிவா தெரியுது!"

மேல்தளத்து ஆட்களெல்லாம் இறங்கி வந்தார்கள். டீ வந்தது, கைகுலுக்கினார்கள். ஒரு காலிப் பைக்கு இத்தனை கொண்டாட்டம். அவள் சிரித்து வைத்தாள். பிறகு கைகழுவும் இடத்துக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் புருஷன் சாப்பிட உட்கார்ந்தான். எதிரில் அவளும் உட்கார்ந்தாள்.

"அந்த மீனுல ஆம்பளைதான் புள்ளையச் சுமக்குமாம்."

தட்டில் அவன் கை நின்றது.

"யார் ஜாடைங்க?" என்றாள். ஒரு வருஷமாகக் கேட்காமலே வைத்திருந்த கேள்வி.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"உன் ஜாடைதான். துணியில சுத்திக் குடுத்தாங்க, ரெண்டு கையையும் நீட்டி வாங்கினேன். கனமே இல்லம்மா. எங்கயாவது விழுந்திருச்சோன்னு, வழியெல்லாம் துணிய விலக்கி விலக்கிப் பாத்துக்கிட்டே போனேன்."