நீர் மாத்திரையும் எட்டுத் தறியும்

சாமிகளா, அப்பா ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறாரா என்று உங்கள் சிநேகிதர்கள் கேட்கிறார்களாம். என் வேலை பேட்ச் ஒட்டுவது. இதயம் பலவீனமானவர்களுக்கு நெஞ்சில் ஒட்டிவிட்டால், உடம்பில் நீர் கோர்க்கிறதா, துடிப்பு எப்படி என்று அது செல்போன் வழியாகச் சேலத்தில் எங்கள் மானிட்டர் ரூமுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சிஸ்டர் உட்கார்ந்து பார்ப்பார்.

எடப்பாடியில் மாரப்பன் அண்ணன் கூலிக்கு எட்டு விசைத்தறி ஓட்டினார். அவருக்கு ஒட்டிய வாரமே சிவப்பு அலர்ட். நீர் ஏறிக்கொண்டே போனது. சிஸ்டர் போன் போட்டார்.

"நீர் மாத்திரை போடறீங்களாண்ணா?"

"போடறனுங்க."

டாக்டர் டோஸைக் கூட்டினார். அப்போதும் இறங்கவில்லை. மறுபடியும் கூட்டினார். பேட்ச் கழன்றிருக்குமோ என்று என்னை அனுப்பினார்கள். அண்ணன் தறியை நிறுத்தாமலே சட்டையைத் தூக்கிக் காட்டினார். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"கல்யாணத்துக்குப் போட்டோக்காரன் வர்ற மாதிரியே வாரீங்க. பொண்ணு எங்கீங்க?" என்றார் என் தோள்பையைப் பார்த்து. பேட்ச் சரியாகத்தான் இருந்தது.

அடுத்து எடப்பாடியில் மாதாந்திரக் கரண்ட் நிறுத்தம் வந்தது. அன்று மதியம் நீர் மளமளவென்று இறங்கியது. "மாத்திரை கேட்டுருச்சு" என்று சிஸ்டருக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் துடிப்பு தாறுமாறாக ஓடியது. போன் போட்டால் எடுக்கவில்லை. பக்கத்து ஊரில் இருந்த நான் வண்டியைத் திருப்பினேன். அண்ணன் கக்கூஸ் வாசலில் கிடந்தார். ஆம்புலன்ஸ் சேலம் போகும் வழியில் கொங்கணாபுரம் தாண்டும்போதே உயிர் போய்விட்டது.

கருமாதி முடிந்து, பேட்சோடு கொடுத்த செல்போனை வாங்கிவரச் சொன்னார்கள். அவர் சம்சாரம் எடுத்துக் கொடுத்தார்.

"மாத்திரை ஒழுங்காத்தான் போட்டாருங்களாக்கா?"

"அதைப் போட்டா ஓயாம ஒண்ணுக்கு வருதுங்க தம்பி. கக்கூஸு ஊட்டுக்குப் பொறத்தால. தறிய உட்டுட்டுப் போனா இழை அறுந்து துணி வீணாப்போவுது. மொதலாளி சும்மா உடுவாரா? தறி நிக்கிற அன்னிக்கிப் போட்டுக்கறேன்னு எடுத்து வெச்சிருந்தாரு. கரண்டு போனதும் அத்தனையும் ஒண்ணா முழுங்கிட்டாரு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"போடறீங்களான்னு கேட்டீங்க. போடறேன்னாரு. போட முடியுதான்னு யாரு கேட்டீங்க?"

நான் செல்போனைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த அக்கா சொன்னதைச் சிஸ்டரிடமும் டாக்டரிடமும் அப்படியே சொன்னேன். இப்போது தறிக்காரர்களுக்கு ஷிப்ட் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரை நேரம் எழுதுகிறார். நானும் யார் வீட்டுக்குப் போனாலும் பேட்ச் ஒட்டும் முன்பே கக்கூஸ் எங்கே, நீங்கள் எழுந்து போனால் வேலையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிடுகிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம் "கக்கூஸ்காரர் வந்துட்டாருங்க" என்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் பதில் சொல்கிறார்கள், அது போதும். நாளைக்கு நீங்கள் டாக்டரானாலும் சரி, வேறு எந்த வேலைக்குப் போனாலும் சரி, ஒருவரிடம் ஒன்றைச் செய்யச் சொன்னால் அவரால் அது முடியுமா என்று கூடவே கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.