தழும்பின் மேல் எட்டுக் கைகள்

என் வயிற்றில் வலது பக்கம் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. இரண்டு ஓரமும் நாற்று நட்ட வரிசை மாதிரி தையல் புள்ளிகள். இந்தத் தழும்பை வைத்து ஒன்பது டாக்டர்களுக்குப் பாடம் எடுத்தேன் என்று ஊரில் சொல்லித் திரிகிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பவும் வேண்டாம். பாடம் எடுத்தது நானில்லை. ஆனால் பாடம் நடந்தது நிஜம்.

பாபநாசம் பக்கம் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன் நான். குடல்வால் வலி வந்து ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தேன். எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மா அங்கே பேராசிரியர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ம், நெக்ஸ்ட்" என்று அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்வதை நான் நடித்துக் காட்டினால் வார்டே தையலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நிஜமாகவே அவர் வந்துவிட்டால் மூச்சுச் சத்தம் இருக்காது. பின்னால் வரும் மாணவர்கள், பூம்பூம் மாடு மாதிரி, அவர் எது சொன்னாலும் தலையை ஆட்டுவார்கள்.

அடுத்த வருஷம் அறுவடை முடிந்து சும்மா கிடந்தபோது அந்த வார்டு சிஸ்டர் போன் செய்தார்.

"தம்பி, டாக்டருங்களுக்கு ட்ரெய்னிங் நடக்குது. வயித்து வலின்னு நடிக்க ஒரு ஆள் வேணும். வர்றியா?"

"டாக்டருங்களுக்கே ட்ரெய்னிங்கா? அப்ப என்னை அறுத்தப்ப படிக்காமலேயா அறுத்தாங்க?"

"வைத்தியம் தெரியும்டா அவங்களுக்கு. அதை அடுத்தவங்களுக்குச் சொல்லிக்குடுக்கத்தான் இப்ப படிக்கிறாங்க."

போன அன்று வராந்தாவில் வைத்து சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார். கொஞ்ச நாளுக்கு முன், தாராசுரம் பக்கத்து விவசாயி ஒருத்தர், ஒரு குறிப்பிட்ட ஊசி தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று பயிற்சி டாக்டர் பையனிடம் சொல்லியிருக்கிறார். அவசரத்தில் டாக்டரம்மா அதே ஊசியைப் போடச் சொன்னார். பையன் பக்கத்திலேயே நின்றான், வாயைத் திறக்கவில்லை. அந்த மனுஷர் மூச்சுத் திணறி, மூன்று நாள் போராடித்தான் பிழைத்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குப் பையன் சொன்ன பதில்: "மேடத்துக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

"அந்தப் பதில்தான் டாக்டரம்மாவத் தூங்கவிடல" என்றார் சிஸ்டர். "'பசங்க என்கிட்ட வாயத் தொறக்கணும் சிஸ்டர், இல்லேன்னா அடுத்த ஆள் பிழைக்க மாட்டான்'னு சொல்லிட்டு, அவங்களே இந்த ட்ரெய்னிங்குக்குப் பேர் குடுத்திருக்காங்க. மத்தவங்க எல்லாம் அவங்க வயசுல பாதி."

அந்தப் பயிற்சியில் ஒரு வழக்கம். ஆளுக்குப் பத்து நிமிஷம் பாடம் எடுக்க வேண்டும். மற்ற டாக்டர்கள் மாணவர்களாக உட்கார வேண்டும். மணி அடித்ததும் நல்லதை முதலில் சொல்லி, குறையைப் பிறகு சொல்வார்கள். கடைசியாக நோயாளியும் ஒரு வார்த்தை சொல்லலாம். டாக்டரம்மா முறை வந்தது. குடல்வால் அழற்சியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பாடம். சுவரில் பாடப் படம் ஓடிய திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே என் வயிற்றைக் கையாலேயே தேடி அமுக்கினார். பிறகு எட்டுப் பேரும் வரிசையாக வந்து அமுக்கினார்கள். நான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ராகத்தில் கத்தினேன். எட்டுப் பேரும் குடல்வால்தான் என்றார்கள். மணி அடித்தது. அருமை மேடம், தெளிவு மேடம். குறை சொல்ல ஆளில்லை.

என்னைக் கேட்டார்கள். எனக்கு நாக்கில் அரிப்பு.

"டாக்டரம்மா, என் குடல்வாலப் போன வருஷம் நீங்கதானே வெட்டி எடுத்தீங்க? திரும்ப முளைச்சிருச்சா?"

அறை குலுங்கச் சிரித்தது. டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு என் வயிற்றைப் பார்த்தார், அன்று முதல்முறையாக. எட்டுக் கைகளும் அவர் கையும் அமுக்கியது அவரே போட்ட தழும்பின் மேல்.

"இதை யார் யார் பார்த்தீங்க?"

சிரிப்பு நின்றது. ஒரு கை எழுந்தது, இன்னொன்று, கடைசியில் ஐந்து. ஏன் சொல்லவில்லை என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார். முன்வரிசை இளம் டாக்டர் எழுந்து, "நடிப்புதானே... அதுவும் மேடத்துக்குத் தெரியாமலா இருக்கும்னு..." என்று இழுத்தார்.

டாக்டரம்மா என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கிண்டல் செய்ய அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அந்தப் பையன் பேசாம நின்னதுக்கு அவனைத் திட்டினேன்" என்றார் எல்லோரையும் பார்த்து. "படிச்சு முடிச்ச நீங்களே பேசலையே. அவன் எப்படிப் பேசுவான்?"

அதற்கப்புறம் அவர் மாறினார் என்று ஒரே வரியில் எழுதினால் அது கதையாகிவிடும். பாதி நாள் பழைய "நெக்ஸ்ட்" வந்துவிடும் என்று சிஸ்டர் சொல்வார். ஆனால் ரவுண்ட்ஸில் கடைசி வரிசைப் பிள்ளையை முதலில் பேசவிட்டுத் தான் கடைசியில் பேசப் பழகினாராம். ஒவ்வொரு புது வகுப்புக்கும் என்னைக் கூப்பிட்டுப் படுக்க வைப்பார். நானும் புதுப்புது ராகத்தில் கத்தினேன். அந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் நான் 'நடிப்புக்காரத் தம்பி' ஆனேன்.

போன மாதம் அதற்கான பலனை அனுபவித்தேன். வயலில் மெஷின் மேலேயே சுருண்டு விழுந்தேன். ஆட்டோவில் அள்ளிப்போட்டு அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கத்திக்கொண்டே உள்ளே போனால் வார்டு முழுக்கச் சிரிப்பு. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். "என்னப்பா, இன்னிக்கு க்ளாஸ் இல்லையே!"

அவர் சிரித்ததும் மாணவர்களும் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. கடைசியில் நின்றவள் முன்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.  டாக்டரம்மா பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"மேடம், இவர் நடிக்கல. சட்டை வேர்வையில நனைஞ்சு கெடக்கு, பாருங்க."

டாக்டரம்மாவின் சிரிப்பு சட்டென்று போனது. குனிந்து பார்த்தார். "ஆமாம்மா. நான் பார்க்கல. நீ பார்த்திருக்க. சொல்லு, அடுத்து என்ன பண்ணலாம்?"

சிறுநீரகக் கல். உயிர் போகிற வலியிலும் ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பெண் அமுக்குவதற்கு முன்னால் சட்டையைத் தூக்கி, தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். டாக்டரம்மா அவளுக்குப் பின்னால், தன் முறைக்காகக் காத்து நின்றார்.