டிவிப் பொண்ணு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு பேனாவைத் தொட்டது கையெழுத்துப் போட மட்டும். அதனால் வாக்கியம் கோணிக்கொண்டு போனால் படிக்கிறவர்கள் கொஞ்சம் நிமிர்த்திப் படித்துக்கொள்ளுங்கள். மறதி வேறு. ஒன்றைச் சொல்ல வந்தால் அதற்கு முந்தினது ஞாபகத்துக்கு வருகிறது, அதைச் சொல்லி முடிப்பதற்குள் சொல்ல வந்தது ஓடிவிடுகிறது. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து சொல்ல இந்த வயதில் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு டிவி வந்தபோது எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஆண்டெனாவைத் திருப்புவதற்கென்றே மொட்டைமாடியில் ஓர் ஆள் நிற்பார். "தெரியுதா?" என்று அவர் மேலே இருந்து கத்துவார். "இல்லண்ணே, இன்னும் கொஞ்சம் கெழக்க!" என்று கீழே இருந்து ஊரே கத்தும். மேலத்தெருக்காரர்கள் நாற்காலியிலும் படிக்கட்டிலும் உட்காருவார்கள். எங்கள் கீழத்தெரு பண்ணையில் வேலை செய்கிறவர்களின் தெரு. நாங்கள் பின்னால் மணலில். ஆனால் சிரிக்கும்போது மட்டும் எல்லாரும் ஒன்றாகத்தான் சிரித்தோம்.

சிரிக்க வைத்தது ஒரு நாடகம். வாரத்தில் ஒரு நாள் வரும். அதில் ஒரு பெண். பதினாறு வயது, இரட்டைச் சடை, மூக்கில் நழுவும் கண்ணாடி. வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்வாள். சடை மட்டும் வெளியே தெரியும். காபி கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னால் வந்தவர் மடியில் ஊற்றுவாள். "பேர் என்னம்மா?" என்று கேட்டால் "பரவாயில்லைங்க" என்பாள். அவள் பாவம் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

நடுநடுவே படம் அறுந்துபோய், 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று எழுத்து வரும். பிள்ளைகளெல்லாம் சேர்ந்து அதைச் சத்தமாகப் படிப்போம். பள்ளிக்கூடத்தில் பாடம் படித்ததைவிட இதைத்தான் ஒழுங்காகப் படித்தோம்.

இப்போது என் அக்காவுக்கு வருகிறேன். அவளுக்கும் அதே வயது. கண்ணாடி கிடையாது, மற்றதெல்லாம் அப்படியே. கடைக்கு உப்பு வாங்க அனுப்பினால், கடைக்காரர் "கல்லுப்பா, தூளுப்பா?" என்று கேட்டதற்காகத் திரும்பி வந்துவிடுவாள். பிறகு நான் ஓட வேண்டும். "சாப்பிட்டியா புள்ள?" என்று யாராவது கேட்டால் "ஆமாங்க, வெயில்தான்" என்பாள். அவள் சொன்னதை விளக்குவதற்குப் பின்னாலேயே நான் போக வேண்டும். ஒன்பது வயதில் எனக்கு இது ஒரு வேலையா? எவ்வளவு எரிச்சல் வரும் தெரியுமா? ஆனால் வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அவள் வேறு ஆள். பானையைக் கை தவறிப் போட்டுவிட்டால், டிவியில் அந்த எழுத்து நிற்கிற மாதிரியே விறைப்பாக நின்று, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்பாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அவளுக்கு 'டிவிப் பொண்ணு' என்று பேர் வைத்தவர் பண்ணையின் காரியக்காரர். வேலைக்கு ஆள் கூப்பிடுவது, நெல் அளப்பது, அதட்டுவது எல்லாம் அவர்தான். நாடகத்தை ஒரு வாரம்கூட விடமாட்டார். முடிந்ததும் படிக்கட்டில் நின்று, துண்டைச் சடையாகத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணைப் போலவே நடித்துக் காட்டுவார். அச்சு அசலாக இருக்கும். கடைசியில், "இத எங்க புடிச்சேன் தெரியுமா? நம்ம கீழத்தெருவுலயே ஒண்ணு நடமாடுது!" என்பார். எல்லாருடைய கண்ணும் எங்கள் பக்கம் திரும்பும். என் பேர் அதோடு போயிற்று. பள்ளிக்கூடத்தில் நான் 'டிவிப் பொண்ணு தங்கச்சி'.

அந்த வருஷம் அறுவடைக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. முன்னால் நின்று பேசியவர்களில் அப்பாவும் ஒருவர். பண்ணை வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்துக்கொண்டது. போலீசும் வந்து வரப்பில் நின்றது. எல்லாம் அடங்கின பிறகு, எங்கள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தது. வீடு இருந்தது பண்ணையின் இடத்தில். பல வருஷமாகக் குடியிருக்கிறவனுக்கே மனைக்கட்டு சொந்தம் என்று அரசாங்கம் எப்போதோ சட்டம் போட்டிருந்தது. மேடையிலெல்லாம் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார்கள். ஆனால் நாங்கள் அத்தனை வருஷம் குடியிருந்தோம் என்று யார் சொல்வது? அப்பா மனு போட்டார். ஒரு நாள் காலை, நேரில் விசாரிக்கத் தாலுகா ஆபீசிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., வந்துவிட்டார்.

வாசலில் நாற்காலி போட்டார்கள். காரியக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இது வீடே இல்லீங்க சார். களத்துக் கொட்டாய். அறுப்புக் காவலுக்குன்னு போன வருஷந்தான் இவங்கள உள்ள விட்டோம்."

"பொய்யிங்க," என்றார் அப்பா. "கல்யாணம் ஆனதுலேருந்து நான் இங்கதாங்க இருக்கேன்."

"நீ ஒண்ணு சொல்ற, அவர் ஒண்ணு சொல்றார். நான் எத எழுதறது?" ஆர்.ஐ. தெருவைப் பார்த்தார். "அக்கம்பக்கத்துல யாருக்காவது தெரியுமா?"

தெருவே கூடி நின்றது. ஒரு வாய் திறக்கவில்லை. எல்லார் கூரையும் பண்ணை மண்ணில்தான் நின்றது. பக்கத்து வீட்டுச் சின்னம்மா, வேலியில் காய்ந்த புடவையை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். இது நாங்கள் பிறந்தபோதெல்லாம் எங்களைத் தூக்கிக் குளிப்பாட்டின சின்னம்மா.

"நான் சொல்றேன் சார்!" என்று நான் முன்னால் ஓடினேன்.

"ஒனக்கு என்ன வயசு?"

"ஒம்பது."

"நீ சும்மா இரு பாப்பா. உள்ள பெரிய பொண்ணு ஒண்ணு தெரியுதே, அதக் கூப்பிடுங்க."

கதவுக்குப் பின்னால் சடை தெரிந்தது. போயும் போயும் இவளையா? அம்மா உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"பயப்படாதம்மா. நீ எந்த வீட்டுல பொறந்த? அத மட்டும் சொல்லு போதும்."

'இங்க' என்று ஒரு சொல். சுட்டுவிரலால் தரையைக் காட்டியிருந்தாலும் போதும். அவள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "சொல்லு தாயி," என்றார் அப்பா. பண்ணையாரிடமே குரல் தாழ்த்தாத மனிதர், அவளிடம் கெஞ்சினார். "சொல்லேண்டி!" என்று அம்மா முதுகில் இடித்தாள். அக்கா தலையைத் தூக்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டி நிற்க, டிவியில் நிற்கிற எழுத்தின் அதே விறைப்போடு, தெளிவாகச் சொன்னாள்.

"தடங்கலுக்கு வருந்துகிறோம்."

ஆர்.ஐ. ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தெருவில் நின்றவர்களும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவளைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது.

காரியக்காரருக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. கூட்டம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, பார்க்கப் புது ஆள் வேறு. துண்டு தோளில் சடையாகிவிட்டது.

"நீங்க நாடகம் பாக்குறீங்களா சார்? அதுல வர்ற பொண்ணேதான் இது! அதுகூட இதப் பாத்துத்தான் கத்துக்கிட்டிருக்கும். இது நேத்து வந்த வெக்கமில்ல சார். நடக்கவே ஆரம்பிக்கல, நான் ஆள் கூப்பிட வந்தா குடுகுடுன்னு தவழ்ந்துபோயி இந்தக் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். கொஞ்சம் வளந்துச்சா, பாவாடையத் தூக்கி மூஞ்சிய மூடிக்கும், இப்புடி!" என்று வேட்டியைத் தூக்கி முகத்தை மூடிக் காட்டினார். "கீழ ஒண்ணும் இருக்காது சார்!"

தெருவே சிரித்து உருண்டது.

"இந்தக் கதவுக்கா?" என்றார் ஆர்.ஐ., சிரித்துக்கொண்டே.

"இதே கதவுதான் சார். பூவரசம் பலக. பண்ணையிலேருந்து நாந்தான் குடுத்தேன்!"

"களத்துக் கொட்டாய்க்கு எதுக்குங்க கதவு?"

காரியக்காரரின் கை வேட்டி நுனியோடு நின்றுபோயிற்று.

"பதினாறு வயசுப் பொண்ணு இங்க தவழ்ந்துச்சுங்கறீங்க. போன வருஷந்தான் வந்தாங்கன்னும் சொல்றீங்க. நான் எத எழுதட்டும்?"

"இல்ல சார்... அது சும்மா ஒரு வேடிக்கைக்கு..."

அப்போதுதான் சின்னம்மா மடித்த புடவையை வேலியில் போட்டுவிட்டு முன்னால் வந்தாள். "வேடிக்கயில்லீங்க, நெசந்தான். இவ பொறந்தப்ப மருத்துவச்சியக் கூட்டிக்கிட்டு வந்தவளே நாந்தான்." அவளுக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஆர்.ஐ. எழுதிக்கொண்டே இருந்தார்.

பட்டா கைக்கு வர எவ்வளவோ நாள் ஆயிற்று. ஆனாலும் அன்றைக்கே வந்துவிட்ட மாதிரிதான் தெரு கூத்தாடியது. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, "இதானா அந்தக் கதவு?" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் காரியக்காரர் மாதிரி நடித்தான்: காரியக்காரர் அக்கா மாதிரி நடித்ததை அவன் நடித்தான். பாவாடை தூக்கும் இடத்தை இரண்டாம் தடவை கேட்டார்கள். அப்பாவே சிரித்தார்.

அக்காவைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், கொல்லையில் வைக்கோல் போருக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எழுந்திரிக்கா. வீடு நமக்கு வந்துடுச்சு. எதுக்கு இன்னும் அழுவுற? அங்க எல்லாரும் ஒன்னப் பத்தித்தான் பேசுறாங்க, தெரியுமா?"

"அதான்டி," என்றாள்.

என்ன 'அதான்'? கேட்டதற்கு என்றைக்கு இவள் நேராகப் பதில் சொல்லியிருக்கிறாள்? ஊரே கொண்டாடுகிறபோது மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காருகிறவளிடம் இன்னும் என்ன பேசுவது என்று, சிரிப்புச் சத்தம் கேட்கிற பக்கமே திரும்பி ஓடிவிட்டேன். அந்தப் பையன் மறுபடியும் ஆரம்பித்திருந்தான். நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

இதில் பிசகு இருக்கலாம். வந்தவர் ஆர்.ஐ.தானா, தாசில்தாரா, அது குறுவை அறுப்புக்குப் பிறகா, சம்பாவுக்குப் பிறகா, அந்த நாடகத்துக்குப் பேர் என்ன, கடைசியில் அந்தப் பெண் என்ன ஆனாள், ஒன்றும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது இருந்தால் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள். அக்காவிடம் மட்டும் கேட்க வேண்டாம்.