ஒட்டகம்

தையல் கம்பெனியில் எங்கள் அக்காவுக்கு ஒட்டகம் என்று பெயர். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் மாலை மணி அடிக்கும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் எழுந்து போக வேண்டும். பெண்கள் கழிப்பறையின் சாவியோ சூப்பர்வைசரின் இடுப்பில் தொங்கும். போய்க் கேட்டால், "இப்பத்தானேம்மா போயிட்டு வந்த?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துவான். துணி வெட்டும் ஆண்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தக் கண்றாவிக்கு நாக்கு வறள்வதே தேவலை.

"ஒட்டகத்தப் பாத்துக் கத்துக்கங்க" என்று அவன் மற்ற பெண்களிடம் சொல்லும்போது அக்காவுக்குப் பெருமை தாங்காது. இடுப்பு வலித்தபோது, "பொம்பளைங்கன்னா வர்றதுதானே" என்றார் அத்தான். அதையும் பொறுத்துக்கொண்டாள்.

இப்போது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இனிமேல் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டுமாம், டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல கூத்து!

அவள் உட்கார்ந்த மெஷினில் இன்று அவள் மகள் தைக்கிறாள். தினமும் காலையில் அக்கா பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, "குடிச்சிரு கண்ணு" என்று கெஞ்சி அனுப்புகிறாள். மாலையில் அது அப்படியே திரும்பி வருகிறது.

"என்னடி இது?" என்று நேற்று அக்கா கேட்டாள்.

மகள் சிரித்தாள். "அங்க என்னை குட்டி ஒட்டகம்னு கூப்பிடுறாங்கம்மா."